அச்சகத்துக்கு எதைக் கொடுப்பது: சிடிஆரா, பிடிஎஃபா, ஜேபெக்கா?

“கோரல் ஃபைல் இருக்குங்களா? இருந்தா கர்வ் பண்ணிக் குடுத்துருங்க.” கோவையிலோ ஈரோட்டிலோ ஆஃப்செட் அச்சகத்துக்குப் போனால் பெரும்பாலும் இதுதான் முதல் பேச்சு. கான்வாவில் வேலை செய்தவர் செல்போனில் இருக்கும் ஜேபெக்கை நீட்டுவார். விளம்பர நிறுவனத்திலிருந்து வந்தது பிடிஎஃபாக இருக்கும். மூன்றை வைத்தும் பிளேட் (அச்சுத் தகடு) போட்டுவிடலாம். எந்த வேலைக்கு எது, தப்பு நடந்தால் அது யார் தலையில் விடியும் என்பதில்தான் வித்தியாசம்.

சிடிஆர் (கோரல்), பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்), ஏஐ (இல்லஸ்ட்ரேட்டர்) மூன்றும் திறந்த கோப்புகள். அச்சகத்து ஆபரேட்டர் உள்ளே கைவைக்கலாம். அவர் கைவைக்காவிட்டாலும் அவருடைய கணினியே எதையாவது மாற்றிவிடலாம். பிடிஎஃப் மூடிய கோப்பு. நீங்கள் சரிபார்த்தது அப்படியே பிளேட்டுக்குப் போகும். கவனிக்காமல் விட்ட தப்பும் அப்படியே போகும். ஜேபெக், டிஃப், பிஎன்ஜி எல்லாம் படங்கள். அவற்றில் எழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது, எல்லாமே புள்ளிதான்.

எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கேட்லாக், லேபிள், பெட்டி, புத்தகம் என ஆஃப்செட்டுக்குப் போகும் எதையும் அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப் வகையான எக்ஸ்-1ஏ ஆகக் கொடுங்கள். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை போன்றவற்றுக்கு அச்சகம் சிடிஆர் கேட்டால் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் கூடவே ஒரு பிடிஎஃபும் போகட்டும். ஜேபெக் ஃபிளக்ஸோடு நின்றுகொள்ளட்டும்.

சிடிஆர் கொடுப்பதென்றால்

கொங்குப் பக்கம் கோரல் இவ்வளவு வேர்விட்டதற்குக் காரணம் உண்டு. விசிட்டிங் கார்டைத் தனியாக யாரும் ஓட்டுவதில்லை. பல பேருடைய கார்டுகளை ஒரே ஷீட்டில் அடுக்கி ஓட்டுவார்கள், அந்த அடுக்கும் வேலை கோரலிலேயே நடக்கிறது. பத்திரிகையில் கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் பெயரோ தாய்மாமன் ஊரோ விட்டுப்போயிருந்தால், பிளேட் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால்கூட அங்கேயே சேர்த்துவிடலாம். பிடிஎஃபில் இந்த வசதி கிடையாது. இருந்தாலும் ஆபத்து.

சிக்கல் தொடங்குவது வெர்ஷனில். புதிய கோரலில் சேமித்த கோப்பைப் பழைய கோரல் திறக்காது. சேவ் ஆஸ் பெட்டியில் கீழே வெர்ஷன் தேர்வு இருக்கும். எக்ஸ்3 என்றால் 13, எக்ஸ்7 என்றால் 17, கோரல் 2018 என்றால் 20. எத்தனை வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டுவிட்டுச் சேமியுங்கள். கீழ் வெர்ஷனுக்கு இறக்கும்போது நிழல், டிரான்ஸ்பரன்சி போன்ற எஃபெக்ட்டுகள் உருமாறக்கூடும். அதனால் இறக்கிய கோப்பை மூடி, மறுபடி திறந்து பார்க்காமல் அனுப்பாதீர்கள். எஃபெக்ட் உள்ள பகுதியை மட்டும் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சிஎம்ஒய்கே (அச்சின் நாலு மை நிறம்) படமாக மாற்றிக்கொண்டால் வெர்ஷன் எதுவானாலும் அது மாறாது.

அடுத்தது எழுத்துரு. இங்கேதான் தமிழ் வேலைகள் அதிகம் அடிபடுகின்றன. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் டிடிபி மேசைகளில் யூனிகோடு அல்லாத பாமினி, டாம், டாப் வகை எழுத்துருக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் தட்டச்சு செய்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மன் துணை’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். இதையாவது கண்ணில் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். அச்சகத்தில் அதே எழுத்துருவின் வேறு பதிப்பு இருந்தால் தப்பு வெளியே தெரியாது. ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ போன்ற ஓரிரு எழுத்து மட்டும் வேறொன்றாகிவிடும், வரி உடையும் இடம் நகர்ந்துவிடும். புரூஃபை ஒரு பார்வை பார்ப்பவர் கவனிக்கமாட்டார்.

யூனிகோடுக்கு வேறு வகைத் தொல்லை. எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வசதி இல்லாத பழைய மென்பொருளில் ‘கோவை’யின் இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும், ஐகாரக் கொம்பும் அப்படியே. இன்டிசைனில் பாராகிராஃப் பேனலில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் இண்டிக் ஆப்ஷன்ஸை இயக்கிவிட்டு, பாராகிராஃப் பேனலில் தெற்காசியக் கம்போசரை எடுக்க வேண்டும். வேலையின் தொடக்கத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். முடிந்தபின் மாற்றினால் எல்லா வரியும் இடம் மாறும்.

கர்வ் செய்துவிட்டால் இத்தனையும் தீர்ந்தது. எழுத்து வெறும் வடிவமாகிவிடும். கோரலில் கண்ட்ரோல்-க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஓ. ஆனால் கண்ட்ரோல்-ஏ திரையில் இருக்கும் பக்கத்தை மட்டுமே பிடிக்கும். எட்டுப் பக்கக் கோப்பு என்றால் எட்டுத் தடவை. பவர்கிளிப்புக்குள் (கோரலில் ஒரு வடிவத்துக்குள் அடைத்த பகுதி) இருக்கும் எழுத்து இதில் சிக்காமல் தப்பிவிடும், பூட்டிய லேயரில் இருப்பதும் அப்படித்தான். முடித்தபின் டாக்குமெண்ட் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, ஏதாவது எழுத்துருவின் பெயர் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். கர்வ் செய்யாத மூலக் கோப்பைத் தனிப் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். கர்வ் செய்த கோப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தவும் வழி இருக்காது.

ஜேபெக் ஏன் ஆஃப்செட்டுக்கு ஆகாது

பிளேட் எடுக்கும் சிடிபி இயந்திரம் 2400 டிபிஐ அளவில் எரிக்கிறது. பிடிஎஃபிலோ சிடிஆரிலோ எழுத்து வெக்டராக (புள்ளியாக இல்லாமல் கோட்டு வடிவமாக) இருந்தால் அந்த நுணுக்கம் முழுவதும் எழுத்தின் விளிம்புக்குக் கிடைக்கும். ஜேபெக்கில் எழுத்து 300 டிபிஐ புள்ளிகளாக இறுகிப்போயிருக்கும். சாய்வு, வளைவு எல்லாம் படிக்கட்டாகும். அதன் மேல் ஜேபெக்கின் சுருக்கமும் சேர்கிறது. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குவதால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஒரு மங்கல் வரும். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் அது பளிச்சென்று தெரியும். திறந்து திறந்து சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கூடும். ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ எழுத்துகளின் சுழி அடைந்துபோக இது போதும்.

டிபிஐ எண்ணை மட்டும் மாற்றுவது வீண் வேலை. 72 டிபிஐ படத்தை ஃபோட்டோஷாப்பில் ரீசாம்பிள் செய்து 300 ஆக்கினால் மென்பொருள் இல்லாத புள்ளிகளை ஊகித்து நிரப்பும். படம் கனமாகும், தெளிவாகாது. கணக்குப் போடவேண்டியது பிக்சலில். ஏ4 முழுப்பக்கப் படத்துக்கு 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீடு (வெட்டும் கோட்டைத் தாண்டி நீட்டும் ஓரம்) சேர்த்தால் 2551க்கு 3579. ஆர்ட் பேப்பரில் ஓடும் 150 வரி ஸ்கிரீனுக்கு (அங்குலத்துக்கு 150 வரிசை அச்சுப்புள்ளி) அதன் இரு மடங்கு என்ற வழக்கத்தில் வந்ததுதான் இந்த 300. 175 வரி என்றால் 350 வேண்டும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் வழக்கமான தரத்தில் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அச்சில் அது ஐந்தே கால் அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். டாக்குமெண்ட்டாக இணைத்தால் சுருங்காது. இதை வாடிக்கையாளருக்கும் சொல்லிவிடுங்கள். அவர் அனுப்பும் கிரைண்டர், பம்ப்செட் போட்டோக்களும் அந்த வழியாகத்தான் வருகின்றன.

ஃபிளக்ஸ் விஷயம் வேறு. இருபதுக்குப் பத்து அடி பேனரை உண்மை அளவில் 72 டிபிஐ வைத்தாலே 17,280க்கு 8,640 பிக்சல். சிஎம்ஒய்கேயில் சுருக்காமல் வைத்தால் கிட்டத்தட்ட 600 எம்பி. அதை 300 டிபிஐயில் செய்து கணினியை முடக்குவதில் ஒரு பயனும் இல்லை, சாலையில் போகிறவர் இருபது அடி தள்ளி நின்றுதான் பார்க்கிறார். அதிகபட்சத் தரத்தில் சேமித்த ஜேபெக் இங்கே தாராளமாகப் போதும். ஓரம் மடித்து வளையம் அடிக்க நாலு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் விட்டுவையுங்கள். இல்லையென்றால் தலைவர் நெற்றியில் ஓட்டை விழும்.

டிஃப்பைத் தனிக்கோப்பாகக் கொடுக்கத் தேவையே வருவதில்லை. லேஅவுட்டுக்குள் வைக்கும் போட்டோவுக்கு அது நல்லது: லேயர்களை ஒன்றாக்கி, எல்இசட்டபிள்யூ சுருக்கத்தில் சேமித்தால் தரம் துளியும் குறையாது. கையெழுத்து, பழைய முத்திரை, கோட்டோவியம் ஸ்கேன் செய்தால் 1200 டிபிஐயில் ஒரு பிட் கறுப்பு-வெள்ளை டிஃப்பாக வையுங்கள். கிரேஸ்கேலில் வைத்தால் கோடுகள் புள்ளி ஸ்கிரீனாக உடைந்துவிடும்.

பிடிஎஃபிலும் இரண்டு வழி

‘பிடிஎஃப்தான் கொடுத்தோம்’ என்று சொன்னால் மட்டும் போதாது. வேர்டிலிருந்து எடுத்ததும் பிடிஎஃப், கான்வா இலவசக் கணக்கில் இறக்கியதும் பிடிஎஃப். இரண்டுமே திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் இருக்கும். கான்வாவில் ‘பிடிஎஃப் பிரிண்ட்’டில் வெட்டுக்குறியும் பிளீடும் வரும், சிஎம்ஒய்கே வேண்டுமானால் கட்டணக் கணக்கு வேண்டும்.

அச்சுக்கென்றே வரையறுத்தவை ஐஎஸ்ஓ 15930 வரிசையின் பிடிஎஃப் எக்ஸ் வகைகள். அவற்றில் நமக்கு வேண்டியவை இரண்டு. எக்ஸ்-1ஏவில் சிஎம்ஒய்கேயும் ஸ்பாட் நிறமும் (தனியாகக் கலந்த மை) மட்டுமே இருக்கலாம், ஆர்ஜிபிக்கு இடமில்லை. எழுத்துருக்கள் உள்ளே பதிந்திருக்க வேண்டும். டிரான்ஸ்பரன்சி அனைத்தும் ஒரே அடுக்காகத் தட்டையாகியிருக்க வேண்டும். எக்ஸ்-4 டிரான்ஸ்பரன்சியையும் லேயரையும் உயிரோடு வைத்துக்கொள்ளும், ஐசிசி புரொஃபைலோடு (நிறத்தை விவரிக்கும் குறிப்பு) ஆர்ஜிபி படத்தையும் ஏற்கும்.

தொழில்நுட்பத்தில் எக்ஸ்-4தான் மேல். தட்டையாக்கும்போது நிழல் விழும் இடங்கள் துண்டு துண்டாகும், திரையில் மயிரிழை வெள்ளைக்கோடுகள் தெரியும். நிழலுக்கு அடியில் மாட்டிய எழுத்து படமாகிவிடுவதால் அடுத்த வரியைவிடத் தடித்துத் தெரியும். எக்ஸ்-4இல் இந்தச் சங்கடம் இல்லை. ஆனால் அதைச் சரியாக வாசிக்க அச்சகத்தின் ரிப் (கோப்பைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் மென்பொருள்), அடோபி பிடிஎஃப் பிரிண்ட் எஞ்சின் போன்ற புதிய தலைமுறையாக இருக்க வேண்டும். பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் ரிப் தன் போக்கில் தட்டையாக்கும். அதன் விளைவை நீங்கள் பார்ப்பது காகிதத்தில்தான். எந்த ரிப் என்று தெரியாத அச்சகத்துக்கும், காலண்டர் வேலையாகச் சிவகாசிக்கு அனுப்பும்போதும் எக்ஸ்-1ஏ கொடுங்கள். எக்ஸ்-4 வேண்டும் என்று அச்சகமே கேட்டால் யோசிக்காமல் அதைக் கொடுங்கள். எக்ஸ்-1ஏவின் தடித்த எழுத்துச் சிக்கலுக்கு எளிய மருந்து: எழுத்து எல்லாவற்றையும் எஃபெக்ட்டுகளுக்கு மேலான லேயரில் வையுங்கள்.

கோரலில் எடுக்கும் முறை: பக்க அளவு வெட்டிய பிறகு வரும் அளவாகவே இருக்கட்டும், பிளீடை அதில் கூட்டாதீர்கள். பேஜ் செட்டப்பில் பிளீடு 3 மில்லிமீட்டர் கொடுத்து, பின்னணியை அந்தக் கோடு வரை இழுங்கள். ஃபைல், பப்ளிஷ் டு பிடிஎஃப் போய் எக்ஸ்-1ஏ பிரீசெட்டைத் தேர்ந்து செட்டிங்ஸைத் திறங்கள். நிறம் சிஎம்ஒய்கேயா, படங்கள் 300 டிபிஐக்குக் கீழே இறங்காமல் இருக்கின்றனவா, பிரீபிரஸ் பகுதியில் பிளீடும் வெட்டுக்குறியும் இயங்குகின்றனவா என்று பார்த்துவிட்டுச் சேமியுங்கள். இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டரில் எக்ஸ்-1ஏ பிரீசெட் தயாராக இருக்கும். ஆனால் மார்க்ஸ் அண்ட் பிளீட்ஸில் ‘டாக்குமெண்ட் பிளீடைப் பயன்படுத்து’ என்ற பெட்டியை நீங்கள்தான் டிக் செய்ய வேண்டும். பலரும் தவறவிடுவது அதைத்தான். பிளீடு இல்லாத பக்கத்தைக் கட்டிங் மெஷினில் அடுக்காக வெட்டும்போது, கத்தி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக்கோடு நிற்கும். அதே காரணத்தால் எழுத்தையும் லோகோவையும் வெட்டும் இடத்திலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள்.

கேட்லாக் என்றால் தனித்தனிப் பக்கமாக, வரிசையாக. இரண்டிரண்டாகச் சேர்த்துக் கொடுத்தால் பக்கம் அடுக்குபவர் மறுபடி அதைப் பிரிக்க உட்கார வேண்டும். நடுவில் பின் அடிக்கும் புத்தகமென்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும்.

கறுப்பு

எந்தக் கோப்பில் கொடுத்தாலும் பணத்தைக் கரியாக்கும் தப்பு இதுதான். ஆர்ஜிபி கறுப்பை ஃபோட்டோஷாப்பின் பழக்கமான ஸ்வாப் (SWOP) புரொஃபைலில் சிஎம்ஒய்கே ஆக்கினால் சி 75, எம் 68, ஒய் 67, கே 90 என்று பிரிந்துவிடும். ஒரு நிறத்தில் முடியவேண்டிய எட்டுப் பாயிண்ட் எழுத்து நான்கு பிளேட்டில் ஏறிக்கொள்ளும். தாள் பத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே எழுத்தின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் பிசிறடிக்கும், மெய்யெழுத்தின் புள்ளி உடம்போடு ஒட்டிவிடும். எழுத்துக்கு எப்போதும் கே 100 மட்டும். அதைக் கண்டுபிடிக்க அக்ரோபாட் புரோவில் அவுட்புட் பிரிவியூவைத் திறந்து, கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். உடல் எழுத்து முழுதாக மறைந்தால் சரி. சாம்பல் நிழலாக மிஞ்சினால் கோப்பு இன்னும் தயாராகவில்லை.

பெரிய கறுப்புப் பரப்புக்கு கே 100 மட்டும் போட்டால் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அங்கே சி 60, எம் 40, ஒய் 40, கே 100 நல்ல கலவை, மொத்தம் 240. நாலு பிளேட்டிலும் முழுதாக விழும் ரெஜிஸ்ட்ரேஷன் நிறத்தைத் தெரியாமல் பின்னணிக்குப் போட்டால் 400 சதவீத மை. காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். ஆர்ட் பேப்பரில் மொத்த மை 300ஐத் தாண்டக் கூடாது, பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளில் 280க்குள், செய்தித்தாள் காகிதத்தில் 240. இதையும் அவுட்புட் பிரிவியூவிலேயே அளக்கலாம். அங்கே இருக்கும்போதே ஓவர்பிரிண்ட்டையும் (அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகும் அமைப்பு) பாருங்கள். கறுப்பாக இருந்த எழுத்தை வெள்ளையாக மாற்றியவர் ஓவர்பிரிண்ட்டை எடுக்க மறந்திருந்தால், திரையில் இருக்கும் வெள்ளை எழுத்து அச்சில் இருக்காது.

நிறங்களில் நீலத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சி 100, எம் 100 போட்டால் தாளில் வருவது கத்தரிப்பூ நிறம். எம்மை சியைவிட 30 ஆவது குறைவாக வையுங்கள். கிளிப்பச்சை, பளீர் ஆரஞ்சு இரண்டும் நாலு நிறத்தில் திரையில் தெரிந்தபடி வரவே வராது. லோகோ நிறம் அதுதான் என்றால் ஸ்பாட் மைக்கு ஐந்தாவது பிளேட் செலவை ஒத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் வேலைகள்

பனியனில் அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு சிஎம்ஒய்கே பிடிஎஃபால் பெரிய உதவி இல்லை. ஒவ்வொரு நிறமும் ஒரு ஸ்பாட் நிறமாக, பெயரிட்டு, வெக்டராக வேண்டும். ஆகவே இங்கே ஏஐ அல்லது சிடிஆர் திறந்த கோப்புதான் சரி. பிலிம் பிரிப்பவர் நிறத்துக்கு நிறம் ஒட்டும் இடத்தில் டிராப் (ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறுவது) கொடுக்கவும், அடர்நிறத் துணியில் மற்ற நிறங்களுக்கு அடியில் போகும் வெள்ளையைச் சற்றுச் சுருக்கவும் அது வேண்டும். நிழல் சாயலுக்கு 45 முதல் 55 வரி வரைதான் துணி தாங்கும்.

டிடிஎஃப் (பிலிமில் அச்சடித்துத் துணியில் ஒட்டும் முறை) என்றால் பின்னணி இல்லாத பிஎன்ஜி, உண்மை அளவில், 300 டிபிஐ. பிஎன்ஜியில் சிஎம்ஒய்கே கிடையாது, அதனால் ஆர்ஜிபியாகவே போகட்டும். பாதி தெரியும் நிழல், புகை எஃபெக்ட் இருந்தால் அடியில் வரும் வெள்ளை மை திட்டுத்திட்டாக எட்டிப்பார்க்கும். நிழலைப் புள்ளி ஹாஃப்டோனாக மாற்றுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டில் பசைத்தூள் நிற்காது, இரண்டு துவைப்பில் உரியும்.

ஆடையில் தொங்கும் அட்டையான ஹேங்டேக் மறுபடி ஆஃப்செட், மறுபடி எக்ஸ்-1ஏ. பையர் அனுப்பும் டெக் பேக்கில் (தயாரிப்பு விவரத் தொகுப்பு) பான்டோன் எண்ணுக்குப் பின்னால் டிசிஎக்ஸ் என்றிருந்தால் அது பருத்தித் துணிக்கான எண். அட்டைக்கு மை கலக்க உதவாது. ஆர்ட் போர்டுக்கு சி, பூச்சில்லாத கிராஃப்ட் அட்டைக்கு யு எண்ணைப் பையரிடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாமாக ஒன்றைத் தேர்ந்தால் பெட்டி திரும்பி வரும்போது பதில் சொல்வதும் நாமாக இருக்கும். பார்கோடு வெக்டராக, கே 100இல், வெளிர் பின்னணியில் இருக்கட்டும். சிவப்புக் கோட்டைச் சிவப்பு ஒளி ஸ்கேனர் வெள்ளையாகவே பார்க்கும். இஏஎன்-13இன் முழு அளவு 37.29க்கு 25.93 மில்லிமீட்டர், 80 சதவீதம் வரை சுருக்கலாம். டேக் சின்னது என்று அதற்குக் கீழே போனாலும், இரு பக்கமும் உள்ள வெற்றிடத்தில் லோகோவைத் திணித்தாலும் கடையின் பில் கவுண்டரில் அது வாசிக்காமல் நிற்க வாய்ப்பு அதிகம்.